இம்பீரியல் பள்ளத்தாக்கில் பாத்தி கட்டியவர்கள்

பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டியை நம் கையில் தருவதற்கு முன், விவசாய ஆசிரியர் ஒரு வாளி தண்ணீரை நிலத்தில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்வார். அந்தப் பாடம் படித்த நமக்கு, தென் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் முதலில் பயிர் செய்தவர்களின் பாடு சட்டென்று விளங்கும். அதனால்தான் இந்த மலருக்கு அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் வண்டல் நிலம் அது. வருடத்துக்கு ஏறத்தாழ 3 அங்குல மழை. கோடை வெயில் 45 பாகை செல்சியஸைத் தாண்டும். ஆள் இல்லாத பாலைவனம் என்று புதிதாக வந்தவர்கள் சொன்னார்கள், அது சரியல்ல. கொலராடோ ஆறு பெருகி நியூ, அலமோ ஓடைகளில் வழிந்து வற்றும்போது, அந்த ஈரத்திலேயே குமியாய் பழங்குடியினர் சோளமும் பூசணியும் பயறும் போட்டு வந்தார்கள்.

1901இல் கால்வாய்த் தண்ணீர் வந்தது. பாலைநிலச் சட்டப்படி ஒருவர் 320 ஏக்கர் வரை கேட்கலாம். ஏக்கருக்கு 25 சதம் முன்பணம். நீர் பாய்ச்சிக் காட்டியபின் இன்னும் ஒரு டாலர். நிலம் மலிவுதான், ஆனால் நீர்க் கம்பனியின் பங்கைத் தனியாக வாங்க வேண்டும்.

வந்தவர்கள் கூடாரத் துணியில் வீடு போட்டு, அதற்கு மேலே கம்பம் நட்டுத் தழை வேய்ந்த இன்னொரு கூரையும் எழுப்பினார்கள். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடினால்தான் உள்ளே இருக்க முடியும். குடிப்பதும் வாய்க்கால் தண்ணீரையே. பீப்பாயில் நிரப்பி, மண் அடியில் படிந்தபின் தெளிந்ததை மட்டும் மொண்டு எடுப்பார்கள்.

உண்மையான உழைப்பு நிலத்தைச் சமன் செய்வதில் இருந்தது. மெஸ்கீட் மரங்களைச் சுற்றிக் காற்று மணலைக் குவித்திருந்தது. நமக்குத் தெரிந்த சீமைக்கருவேலின் இனம்தான் மெஸ்கீட். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட ஃபிரெஸ்னோ வாரி: 5 அடி அகல இரும்புத் தொட்டி, முன்விளிம்பில் அலகு, இழுக்க நான்கு குதிரைகள், பின்னால் நீண்ட கைப்பிடி. கைப்பிடியைத் தூக்கினால் அலகு மண்ணைக் கவ்வும். அழுத்தினால் நிறைந்த தொட்டி வழுக்கிக்கொண்டு போகும். மறுபடி உயர்த்திவிட்டால் மண் கொட்டும். அலகு வேரில் மாட்டினால் கைப்பிடி எகிறி ஓட்டுபவரின் முகத்தில் அடிக்கும். ஆகவே வேரைக் கிளறி எடுக்காமல் வாரியைப் பூட்டக் கூடாது.

குதிரைத் தீவனத்துக்கு அல்ஃபால்ஃபா போட்டார்கள். 30 முதல் 60 அடி அகலம், கால் மைல் நீளம் கொண்ட பாத்திகள். நீளவாக்கில் லேசான சரிவு வேண்டும். குறுக்கே சரிவே கூடாது. இருந்தால் தண்ணீர் ஒரு வரப்போரம் ஒதுங்கி ஓடும், மறுபக்கம் காயும். மடையைக் கொஞ்சமாகத் திறந்தால் தலைமாட்டிலேயே நிலம் நீரைக் குடித்துவிடும். அதிகமாகத் திறந்தால் வரப்பு உடையும். கடைமாடு வரை போய்ச் சேரும் முன்பே மடையை அடைக்க வேண்டும். இல்லையேல் கடைமாட்டில் தேங்கிய தண்ணீர் வெயிலில் சூடேறி, பயிரை அவித்தது போல் கொன்றுவிடும். கோடையில் இரவு முழுக்க விளக்கோடு மடையடியில் நின்றதற்கு இதுவே காரணம்.

கொலராடோ சுமந்து வந்த வண்டல் 1904க்குள் கால்வாயின் வாயை அடைத்தது. மெக்சிகோ எல்லைக்குள், மதகு கட்டாமலே புதிய வாய் வெட்டினார்கள். 1905இல் வெள்ளம் அதை அகலப்படுத்த, ஆறு முழுவதும் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. சால்டன் கடல் என்ற ஏரி உண்டானது இப்படித்தான். ரயில் கம்பனி பாறைகளைக் கொட்டி உடைப்பை நிரந்தரமாக அடைத்தபோது 1907 பெப்ரவரி ஆகிவிட்டது. என் பார்வையில் இதை இயற்கையின் சீற்றம் என்று எழுதுவது தவறு. மதகில்லாமல் ஆற்றை வெட்டியது மனிதர்.

பின்னர் பஞ்சாபியர் வந்தார்கள். கூலிக்கு நீர் கட்டினார்கள், குத்தகைக்குப் பருத்தி போட்டார்கள். குடியுரிமை பெற முடியாதவருக்கு நிலம் இல்லை என்றது கலிபோர்னியாவின் 1913ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியர் அந்த வகைதான் என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாய்ப்பேச்சுக் குத்தகையிலும், நம்பிக்கையான அயலவர் பெயரிலும், மெக்சிக்க மனைவியருக்குப் பிறந்த பிள்ளைகளின் பெயரிலும் பயிர் நடந்தது. 1946இல்தான் குடியுரிமைக்கு வழி பிறந்தது. அங்கே விவசாயம் செய்த தலீப் சிங் சவுந்த் 1956இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தெரிவானார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான எதிரி உப்பு. சால்களில் நீர் பாய்ச்சி, இடையிலுள்ள வரம்பில் விதை ஊன்றும் வயல்களில், பாயும் தண்ணீரோடு வரும் உப்பு, நீர் ஆவியானபின் வரம்பின் உச்சியில் வெள்ளையாகப் பூக்கும். உச்சியில் ஊன்றிய விதை முளைக்காது. நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, வரம்பின் தோளில் ஊன்ற வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்த வயல்களில் அதுவும் உதவவில்லை. உப்பைக் கழுவ அதிக நீர் விட்டால், அது வடிய வழி வேண்டும். 1920களின் இறுதியிலிருந்து சுட்ட மண் குழாய்களை மூட்டுகளைப் பூசாமல் ஆளுயர ஆழத்தில் புதைத்தார்கள். மூட்டு இடுக்கில் கசிந்து சேரும் உப்புநீர் வடிகால் வழியே சால்டன் கடலுக்குப் போகிறது. அந்தக் கடலிலிருந்து வெளியேற வழி கிடையாது. வெயில் நீரை எடுக்க, உப்பு தங்கி, இன்று அது பெருங்கடலைவிடக் கரிக்கிறது.