சின்னவள் இங்கே இருக்கும் நாட்கள்

ஜூன் 9, திங்கள்

தங்கையின் மகள் சின்னவள் இன்றும் டியூஷனுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றாள். தங்கை தொலைபேசியில், "நடிக்கிறாள் அக்கா, அதட்டி அனுப்பு" என்கிறாள். நான் அனுப்பவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்ட பிறகு கதவை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள். இந்த ஓசை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள், கூடவே அவருடைய அம்மாவும். சின்னவளைக் கூடத்தில் நிறுத்தி ஆளுக்கொரு கேள்வி. யாராவது ஏதாவது சொன்னார்களா, ஏன் முகம் இப்படி இருக்கிறது, பரீட்சை பயமா, பேயடித்ததா. பன்னிரண்டு வயதுப் பெண் எதற்குத்தான் பதில் சொல்வாள்? கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டே நின்றாள். பெரியவர்களுக்கு உடனே பதில் வேண்டும், அதுவும் அவர்கள் தாங்கிக்கொள்ளக்கூடிய பதிலாக இருக்க வேண்டும். "போதும், சாப்பிடலாம்" என்று நான்தான் எழுப்பினேன். மாப்பிள்ளைக்குக் கோபம். இருக்கட்டும். ஒரு வாரம் என்னிடம் விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். தலை நிமிராமல் கேட்டாள்: "பெரியம்மா, ஒன்று சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டாயே?"

அந்த வாக்கை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டி வரலாம். ஆனால் உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன்" என்றேன்.

எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 14, சனி

பேசவில்லை. நான் சொன்னது சரிதான். சரியென்று தெரிந்தும் இரவெல்லாம் தூக்கமில்லை. பொய் வாக்குக் கொடுத்துக் கறந்துவிட்டு, மறுநாள் அதை உடைத்தால் அவள் அதன் பிறகு யாரை நம்புவாள்?

தாழ்ப்பாள்.

ஜூன் 16, திங்கள்

சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், அவள் பெயரையும் எழுத மாட்டேன். நான் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "நீ சொல்வதை நம்புகிறேன். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை. சொன்னது நல்லது." ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

அவளிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போதே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தேன். இரவும் பகலும் எடுப்பார்கள், காசு கிடையாது. எடுத்தவர் முதலில் கேட்டது, "குழந்தை இப்போது பத்திரமாக இருக்கிறாளா, அந்த ஆளை இனி பார்க்க வேண்டியிருக்குமா?" என்று. நடந்ததைத் துருவவில்லை. அந்தக் குரலுக்குக் கோடி புண்ணியம்.

அந்த எண் பள்ளிச் சுவரில் இருக்கிறது என்றாள் சின்னவள். முன்பே தெரியுமாம். "போன் அம்மாவிடம்தானே இருக்கும்?" எண்ணைச் சுவரில் எழுதிவிட்டோம், அழைப்பதற்கு அவள் கையில் என்ன கொடுத்தோம்?

ஜூன் 18, புதன்

மாப்பிள்ளை வாசலில் நின்றபடியே பேசினார். ஊர் என்ன சொல்லும், நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் எப்படி நடக்கும், அந்த மனிதரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கண்டித்துவிட்டால் போதாதா. போதாது. அந்த மனிதரிடம் இன்னும் எத்தனை பிள்ளைகள் டியூஷன் படிக்கிறார்கள்! பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. மறைப்பதுதான் குற்றம். பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் போட முடியாது, இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்க முடியாது, வாக்குமூலத்தை வீட்டிலேயே கொடுக்கலாம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதாள். அவளை நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஜூன் 19, வியாழன்

இட்லி மூன்று சாப்பிட்டாள்.

ஜூன் 21, சனி

அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து உதவி ஆய்வாளர் வந்தார். சீருடை இல்லை, சாதாரணப் பருத்திப் புடவை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் தரையில் பாயில் உட்கார்ந்ததைச் சட்டம் சொல்லவில்லை. யார் கூட இருக்க வேண்டும் என்று அவளையே கேட்டார். என்னைக் காட்டினாள். அம்மா அடுத்த அறையில் இருந்தாள். அது தங்கைக்கு எப்படி இருந்திருக்கும்?

நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கேட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அந்த மனிதரின் உறவுக்காரர்கள் பழத்தட்டோடு வந்தார்கள். பழத்தட்டோடு! கதவைத் திறக்கவில்லை. கம்பிக் கதவின் இந்தப் பக்கமிருந்தே போகச் சொன்னேன். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. உதவி ஆய்வாளரிடம் தெரிவித்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

எழும்பூர் மருத்துவமனை. பெண் மருத்துவர்தான் பார்த்தார். திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் தூங்கிவிட்டாள்.

ஜூன் 25, புதன்

குழந்தைகள் நலக் குழு நியமித்த ஆதரவு நபர் நாளை வருகிறார். வழக்கு முடியும்வரை கூட நிற்பவர், மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அழைத்துப் போவார் என்று சின்னவளுக்கு விளக்கினேன். தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சில்லை.

சின்னவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒவ்வொரு தடவையும் அவரேதான் வருவாரா, இல்லை ஆள் மாறுமா? ஆள் மாறினால் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டுமா? நாளை அவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.