எத்தனை நாள், மிஸ்ஸி?

வீட்டுக்கு வீடு மொழி மாறும், கேள்வி மாறாது. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் "பெராப்பா லாமா லாகி, மிஸ்ஸி?" என்பார்கள். தமிழ் வீடுகளில் நான் செருப்பு மாட்டும்வரை காத்திருந்து, உள்ளே படுத்திருப்பவர் காதில் விழாதபடி, "இன்னும் எத்தனை நாள், மிஸ்ஸி?" என்பார்கள். குணமாக்கும் சிகிச்சை முடிந்துபோனவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்கும் தாதி நான்; தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வலி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், தூக்கம் வராத ராத்திரி, இவற்றைக் கவனிப்பது என் வேலை. பினாங்குத் தீவின் சந்துபொந்தெல்லாம் இந்த வேலையால்தான் எனக்குப் பழக்கம். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில், "தெரியாதுங்க."

தன்னடக்கத்துக்காகச் சொல்வதில்லை. 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. சிகாகோவில் 343 டாக்டர்களிடம், அவர்கள் ஹாஸ்பிஸுக்கு, அதாவது கடைசிக்காலப் பராமரிப்புக்கு, அனுப்பிய 468 நோயாளிகள் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஓரளவாவது சரியாக அமைந்தது ஐந்தில் ஒரு கணிப்புதான். பெரும்பாலும் நடந்ததைவிட அதிக நாள் சொல்லியிருந்தார்கள். இன்னொன்றும் அதில் இருந்தது, அதுதான் என் மனதில் தங்கிவிட்டது: நோயாளியோடு டாக்டருக்கு எவ்வளவு நாள் பழக்கமோ, அவ்வளவுக்குக் கணிப்பு பிசகியது. பழகின முகத்தைப் பார்க்கும்போது கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் என்று நான் இதை எடுத்துக்கொண்டேன்.

தெரியாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடுவது எனக்கு ஒப்பாது. தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். வலிக்கான மோர்ஃபின் சிரப் எத்தனை எம்எல் குடித்தார், ராத்திரி எத்தனை தடவை கூடுதலாகக் கேட்டார், கடைசியாக எப்போது வயிறு போனது, இதிலெல்லாம் "தெரியல மிஸ்ஸி" என்றால் விடமாட்டேன். நாள் விஷயத்திலும் சொல்வதற்குக் கொஞ்சம் உண்டு. எங்கள் துறையில் எல்லோரும் கையாளும் ஒரு கணக்கு: மாற்றம் மாதத்துக்கு மாதம் தெரிந்தால் மாதங்கள், வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரங்கள், நாளுக்கு நாள் தெரிந்தால் நாட்கள். பாலிக் புலாவில் ஓர் அம்மா. மகன் பெர்த்தில். "டிக்கெட் எப்போ போடட்டும், மிஸ்ஸி?" என்று போனில் கேட்டார். "போன வாரம் அம்மா பாத்ரூம் வரைக்கும் நடந்தாங்க, இந்த வாரம் கட்டில்ல உக்கார மட்டும்தான் முடியுது. இப்போ வந்தா உங்களோட பேசுவாங்க. அடுத்த மாசம் எப்படின்னு எனக்குத் தெரியாது, தம்பி" என்றேன். இரண்டு நாளில் வந்து சேர்ந்தார். அவருக்குத் தேவைப்பட்டது தேதி இல்லை.

அதே வீட்டில் பிறகு நடந்ததைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். ஒரு மாலை மகள் கூப்பிட்டார். அம்மா காலிலிருந்து போர்வையை உதறுகிறார், முனகுகிறார், யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடத்தில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். பெரியம்மா ஒருவர் சொம்பில் பாலும் கரண்டியும் எடுத்து வைத்துவிட்டார். "கடைசித் தவிப்பு" என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. அப்படிப்பட்ட தவிப்பு உண்டு, அதை அமைதிப்படுத்தும் ஊசியும் என் பையில் உண்டு.

எனக்கு ஒரு பழக்கம். நோயாளியின் குறிப்பேட்டை வண்டியை நிறுத்திய இடத்திலேயே படித்து மூடிவிடுவேன். வாசல்படியில் நின்று ஒரு மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வரும்வரை கவனிப்பேன். "இன்னிக்கு இவங்க எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போவேன். அன்றும் அப்படித்தான் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புருவ மத்தியில் சுருக்கம். கை திரும்பத் திரும்ப அடிவயிற்றுக்கே போகிறது. "பெம்பர்ஸ் எப்போ மாத்தினீங்க?" என்று டயப்பரைப் பற்றிக் கேட்டேன். "காலையிலிருந்து மாத்தவே இல்ல மிஸ்ஸி, காஞ்சு கிடக்கு" என்றார் மகள். தொப்புளுக்குக் கீழே கை வைத்தேன். உருண்டையாக, இறுகி இருந்தது. மூத்திரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. மோர்ஃபினாலும் அப்படி ஆவதுண்டு. டியூப் போட்டதும் பை நிறைந்தது. புருவச் சுருக்கம் தளர்ந்து, கால் மணி நேரத்தில் அந்த அம்மா தூங்கிப்போனார். பெரியம்மா சொம்பை எடுத்து உள்ளே வைத்தார்.

கடைசித் தவிப்பு என்று தெரிந்துகொண்டே நுழைந்திருந்தால் கை நேராக ஊசிக்குத்தான் போயிருக்கும். ஊசி போட்டால் முனகல் நின்றிருக்கும். வேதனை நின்றிருக்காது.

வெள்ளிக்கிழமை ஆனால் தண்ணீர்மலை முருகனைப் பார்க்கப் போகிறவள் நான். ஆனாலும் இந்தப் பழக்கத்தைக் கற்றது பர்மாவின் மஹாசி சயாடோ வழிவந்த தியானத்தில். வயிறு எழுவதை, தாழ்வதைக் கவனிப்பது. நினைப்பு வந்தால் நினைப்பு என்று குறித்துவிட்டுத் திரும்ப வயிற்றுக்கு வருவது. அங்கே எனக்குப் பெரிதாகத் தெளிந்த ஒன்று: மனதின் ஐந்து தடைகளில் ஒன்றாகப் பௌத்தம் ஐயத்தைச் சொல்கிறது. அப்படியானால் தெரியாமல் இருப்பது எப்படிப் பயிற்சியாகும் என்று முதலில் குழம்பினேன். உட்கார்ந்து பார்க்கப் பார்க்க வித்தியாசம் புரிந்தது. ஐயம் ஓரிடத்தில் நிற்காது. இதுவா அதுவா என்று ஓடிக்கொண்டே இருக்கும், எதிரில் இருப்பதைப் பார்க்கவிடாது. தெரியாது என்று ஒப்புக்கொண்ட மனம் ஓட வேண்டியதில்லை. அதற்குப் பார்க்க நேரம் இருக்கிறது.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு ஐயம் எவ்வளவு பெரிய சுமை என்று நான் நேரில் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் தேடிக்கொண்டே இருப்பார்கள். அந்த மகளும் அப்படித்தான் இருந்தார். அவருக்குத் தியானம் எதுவும் சொல்லித்தரவில்லை. அம்மா பக்கத்தில் உட்காரும்போது முதலில் மூச்சைப் பாருங்கள், பிறகு நெற்றியை, பிறகு கையை, என்றேன். பார்த்ததை ஒரு வரி எழுதி வையுங்கள், அதற்கு அர்த்தம் எழுதாதீர்கள். "மூச்சு சீரா இருக்கு. நெத்தி சுருங்கல. கை சூடு." அவர் குறிப்புகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன, டாக்டரே அதைப் பார்த்து மருந்தளவை மாற்றினார்.

கூட வேலை செய்யும் சின்னப் பெண் ஒருத்தி கேட்டாள், "தெரியாதுன்னு சொன்னா நம்ம மேல இருக்கிற நம்பிக்கை போயிடாதா, அக்கா?" போகாது. சொல்லிவிட்டு எழுந்து போனால்தான் போகும். நான் சொல்லிவிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன்: மூச்சு நின்று நின்று வந்தால், முட்டி திட்டுத் திட்டாக நிறம் மாறினால், நெற்றி சுருங்கி அரை மணிக்கு மேல் நீடித்தால், பெம்பர்ஸ் ஆறு மணி நேரம் காய்ந்தே இருந்தால், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். கீழே என் நம்பரும், நான் எடுக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதும் இருக்கும்.