கஞ்சமலை அடிவாரத்தில் இரண்டு வீடுகள்

சேலம் வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஏற்காடு ஏறிவிடுவார்கள். எனக்கு இந்த முறை கஞ்சமலைப் பக்கம் போக ஆசை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவும் கூட வந்தார். இரும்பாலை, அதாவது சேலம் உருக்காலை, போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். மோகன் குமாரமங்கலம் பெயரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி அந்தச் சாலையில்தான் வருகிறது. மத்திய உருக்குத் துறை அமைச்சராக இருந்து 1973 விமான விபத்தில் இறந்தவர் அவர். ஆலைக் குடியிருப்புக்கும் மோகன் நகர் என்று அவர் பெயர்தான்.

சித்தர் கோயிலில் கும்பிட்டுவிட்டு மலையடிவாரத்தில் கொஞ்ச தூரம் நடந்தோம். சாவிக்கொத்தில் இருந்த சின்னக் காந்தத்தை மாமா ஓடை மணலில் புரட்டி எடுத்தார். கறுப்புப் பொடி அதில் மீசை மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. மலை முழுக்க இரும்புத் தாது. 1830களிலேயே ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கியிருக்கிறார். இந்தத் தாதுவையும் நெய்வேலி நிலக்கரியையும் வைத்து இங்கே உருக்காலை நடத்துவதுதான் முதலில் போட்ட திட்டம். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆனால் 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தபோது, வெளியிலிருந்து வந்த சுருள்களைத் தகடாக உருட்டும் எவர்சில்வர் ஆலையாக அது மாறியிருந்தது. உருக்கும் பிரிவு வந்ததே 2010இல்தான். மலை அப்படியே நிற்கிறது.

ஆலையால் ஊருக்கு நன்மை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாணயம் அச்சடிக்கும் வில்லைகள்கூட இங்கிருந்து போயிருக்கின்றன. 2021 மே மாதம், கொரோனா உச்சத்தில், ஆலை வளாகத்திலேயே 500 படுக்கைகளோடு ஆக்சிஜன் சிகிச்சை மையம் திறந்தார்கள். அந்த நாட்களில் சேலத்தில் படுக்கை தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

டீக்கடையில் ஒரு பெரியவரோடு பேச்சு வளர்ந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்திருந்த நிலம் ஆலைக்குப் போனதாம். தம்பிக்கு உள்ளே வேலை கிடைத்தது, இவருக்கு இல்லை. “ஒரே காடுதாங்க. அவன் மக இஞ்சினீரு. எம்மவன் இளம்பிள்ளையில தறி ஓட்டறான்.” வருத்தமோ கோபமோ இல்லாமல்தான் சொன்னார். தம்பி வீட்டையும் காட்டினார்: மாடி, முன்னால் கார். பக்கத்திலேயே இவருடைய ஓட்டு வீடு.

மாமா வெகுநேரம் அந்த வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க பக்கமும் இதே கதைதான் மாப்ளே” என்றார். 1971இல் கல்பாக்கத்தில் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது அது மீனவர் குப்பங்களும் சவுக்குத் தோப்புமாக இருந்த கடற்கரை. 1985இல் சோதனை ஈனுலை, அதாவது இயங்கும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் வகை அணு உலை, இயங்கத் தொடங்கியது. அந்த ஆண்டுதான் மையத்துக்கு இந்திரா காந்தி பெயரும் வைத்தார்கள். டவுன்ஷிப்புக்குள் நல்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மரம் அடர்ந்த தெருக்கள். வெளியே புதுப்பட்டினத்தில் கடைகள் பெருகின, வாடகை ஏறியது. உள்ளே நிரந்தர வேலை கிடைத்த வீட்டுக்கும் ஒப்பந்தக் கூலிக்குப் போன வீட்டுக்கும் ஒரு தலைமுறையிலேயே தூரம் கூடிவிட்டது.

எனக்கு இதில்தான் ஆதங்கம். அரசு இத்தனை பணம் போட்டுப் பெரிய நிறுவனம் கட்டும்போது, சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது, அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பதை வாயிற்கதவைத் தாண்டி வந்து சொல்ல ஆள் வேண்டாமா? நிலத்துக்குக் கொடுக்கும் பணம் ஒரு கல்யாணத்திலும் ஒரு வீட்டிலும் கரைந்துவிடும். பிட்டர், வெல்டர் தொழிலைச் சரியாகக் கற்றுக்கொண்ட பையனுக்கு இரும்பாலை இல்லாவிட்டால் இன்னொரு பட்டறை கிடைக்கும்.

பெரியவரின் பேரன் ஐடிஐயில் பிட்டர் படிக்கிறானாம். கல்பாக்கத்தில் ஐடிஐ முடித்தவர்களுக்கு அப்ரன்டிஸ் பயிற்சி உண்டு என்று மாமா சொன்னதும், பெரியவர் உடனே போன் போட்டு அவனை வரவழைத்தார். விண்ணப்பம் எப்படிப் போடுவது, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று மாமா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவன் போனிலேயே குறித்துக்கொண்டான். தாரமங்கலம் கோயிலுக்குப் போக வேண்டிய பஸ் அதற்குள் போய்விட்டது. சரி, அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று இன்னொரு டீ சொன்னோம்.