மூக்குத் தண்டில் ஒரு குழி, அதில் ஒற்றை முடி

என் மகள் பிறந்தபோதே மூக்குத் தண்டின் நடுவில் ஊசி முனையளவு குழி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கும். பதினொன்றாம் மாதத்தில் அந்த இடம் சிவந்து வீங்கியது. முதலில் பார்த்த மருத்துவர் சீழ்க்கட்டி என்று கீறிவிட்டார். தயிர்த் திப்பி போல வெள்ளையாக ஏதோ வந்தது. இரண்டே மாதத்தில் மீண்டும் வீக்கம். மறுபடி கீறலாம் என்றார். குழியையும் முடியையும் பற்றி இரண்டு தடவையும் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் அந்த முடியைப் பார்த்ததுமே, "ஸ்கேன் எடுக்கும்வரை இதில் ஊசியோ கத்தியோ படக்கூடாது" என்றார். இது டெர்மாய்டு கட்டி. கரு உருவாகும்போது மேல்தோலின் ஒரு துணுக்கு உள்ளே சிக்கிக்கொள்வதால் வருவது. புருவத்தின் வெளி ஓரத்தில் வந்தால் பெரும்பாலும் பயமில்லை. மூக்கின் நடுக்கோட்டில் வருவது அரிது. 20,000 முதல் 40,000 பிறப்புகளில் ஒன்று. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்தக் குழியின் பாதை மண்டையோட்டுக்குள் மூளையுறை வரை போய்விடும். அதன் வழியே கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல். இதைக் கேட்டபோது என் கை நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அல்லவா கீறியிருக்கிறார்கள்!

குழந்தை அசையாமலிருக்க மயக்க மருந்து கொடுத்துத்தான் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு முதலில் கிடைத்த தேதி வீணாயிற்று. "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் மாவு கரைத்துக் கொடுத்தேன். எட்டு மணிக்கு மயக்க மருத்துவர் முடியாது என்றுவிட்டார். அவர் செய்தது சரிதான். பால் மாவுக்கும் திட உணவுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டுமாம். இதை முன்பே சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. ஒவ்வொன்றையும் எத்தனை மணியோடு நிறுத்த வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனில் பார்த்தபோது, குழியின் பாதை எலும்புக்கு வெளியிலேயே முடிந்திருந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குழியோடு சேர்த்துக் கட்டியின் பை முழுவதையும் எடுத்தார்கள். துளி மிஞ்சினாலும் திரும்ப வளருமாம். முன்பு கீறிய இடம் தழும்பேறி ஒட்டியிருந்ததால்தான் கூடுதல் நேரம் பிடித்தது.

திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். "மயிர்க்கால்கள் காணப்படுகின்றன" என்று அதில் ஒரு வரி. முதல் நாளே நான் சொன்ன முடி.