நாற்பது வளைவுகளும் ஒரு வரையாடும்

ஆயுதபூஜை விடுமுறையில், ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குச் சென்றோம். ஆழியாற்றைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் பலகை இருப்பதால், மகள் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். ஏழாவது வளைவில் மகன், காலையில் தின்ற இட்லி முழுவதையும் என் மடியில் வாந்தியெடுத்துவிட்டான். (வெறும் வயிற்றோடு மலையேறக் கூடாது என்று வற்புறுத்தி ஊட்டியவள் நானேதான்.) ஒன்பதாவது வளைவில் இறங்கி அவன் சட்டையை அலசிக்கொண்டிருந்தபோது, சாலையோரப் பாறையில் வரையாடு ஒன்று, எங்களைச் சற்றும் பொருட்படுத்தாமல், இடுக்கில் முளைத்த புல்லை நிதானமாக மென்றுகொண்டு நின்றது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு அதுதான் என்று நான் விளக்கத் தொடங்குமுன், அழுகையை நிறுத்திய மகன், "ஆட்டுக்கு வாந்தி வராதாம்மா?" என்று கேட்டான். மறுநாள் பார்த்த சோலையாறு அணையைப் பற்றி அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. திரும்பும் வழியில் நான் இட்லி ஊட்டவில்லை.