“உங்க பையன் எங்ககிட்ட இருக்கான்”: மிரட்டல் அழைப்பிலிருந்து பணம் திரும்பும் வரை

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்” என்றார். கும்பகோணத்தில் சின்னதாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். யாரிடமும் கைமாற்றுகூட வாங்காத மனிதர். அவரிடம்தான் ஒருவன் மகனின் உயிருக்கு விலை பேசினான்.

சித்திரை மாதம், முகூர்த்த சீசன். நான் அவருக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுப்பவன் என்பதால் பில் புத்தகங்களை வாங்கிவரக் கடைக்குப் போயிருந்தேன். சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு குடும்பம் குத்துவிளக்குகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணன் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மேசை டிராயரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. “என்னண்ணே?” என்றேன். வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பில் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். அதில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: “தம்பியக் கடத்திட்டாங்க. பேசாத.”

வீட்டில் தம்பி என்றால் அவருடைய மகன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான்.

அதற்குள் நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பில் அழைப்பு. எடுத்ததும் ஒரு பையன் விம்மி விம்மி அழுகிற சத்தம், “அப்பா, அப்பா” என்று மட்டும். பதறிப்போன அண்ணன் மகனின் பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். உடனே வேறொரு குரல் நல்ல தமிழில், அதே பேரைச் சொல்லி, “அவன் எங்ககிட்ட இருக்கான். போனைக் கட் பண்ணினா, யார்கிட்டயாவது பேசினா, அவ்வளவுதான்” என்றது. பேரை எடுத்துக் கொடுத்தது தாம்தான் என்பது அந்த நேரத்தில் எந்தத் தகப்பனுக்கும் உறைக்காது. 5 லட்சம் கேட்டிருக்கிறான். யூபிஐ-யில் முதலில் 40,000, அடுத்து வேறொரு ஐடிக்கு 50,000 போய்விட்டது. யூபிஐ-யில் ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சத்துக்கு மேல் அனுப்ப முடியாது. அது அவனுக்கும் தெரியும். அதனால், “செக் புக்கை எடுத்துக்கிட்டு பேங்க்குக்குப் போ, மீதியை ஆர்டிஜிஎஸ் பண்ணு, போன் ஆன்லயே பாக்கெட்ல இருக்கட்டும்” என்று சொல்லியிருந்தான். நான் உள்ளே நுழைந்தபோது அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த செக் புக்கைத்தான்.

நான் பில் புத்தகத்தில், “பேச்சை இழுங்க, செக் புக் வீட்ல இருக்குன்னு சொல்லுங்க” என்று எழுதிக் காட்டிவிட்டு வெளியே போனேன். பையனின் நம்பருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். எனக்கும் வயிறு கலங்கிவிட்டது. நிஜமாகவே கடத்தியிருந்தால்? கடை வாசலிலேயே 100-க்கு அடித்து, என்ன நடக்கிறது, அழைப்பு எந்த நம்பரிலிருந்து, பையன் எந்த ஊரில் என்று சொன்னேன். அவர்கள் இரண்டே விஷயம்தான் சொன்னார்கள்: இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், பையன் இருக்கும் இடத்தை வேறு வழியில் உறுதிப்படுத்துங்கள்.

அந்த வேறு வழி எங்களிடம் இல்லை. வார்டன் நம்பர் யாரிடமும் இல்லை. அண்ணியைக் கூப்பிட்டால் அவர் மயங்கி விழுவார். போன பொங்கலுக்குப் பையனோடு ஊருக்கு வந்திருந்த சிநேகிதன் ஒருவன் நினைவுக்கு வந்தான். என் மகளிடம் அவன் இன்ஸ்டாகிராம் ஐடி இருந்தது. அவனுக்கு மெசேஜ், அவன் கொடுத்த நம்பரில் ஹாஸ்டல் அலுவலகம், அங்கிருந்து துறை அலுவலகம் என்று ஒவ்வொரு ஆளாகப் பிடித்தோம். கடைசியில் ஒரு அம்மா, “இருங்க சார், இன்னைக்கு அவங்களுக்கு ப்ராக்டிகல் எக்ஸாம், போனெல்லாம் வெளியில வாங்கி வச்சிருப்பாங்க, நான் போய்ப் பார்க்கிறேன்” என்றார். அவர் நடந்துபோய்ப் பார்த்த அந்த நேரத்தில் தெருவில் போன வண்டிச் சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை.

பிறகு அந்த அம்மாவின் போனிலிருந்தே வீடியோ கால் வந்தது. வெள்ளை லேப் கோட்டோடு பையன். “என்ன சித்தப்பா?” என்றான். ஓடிப்போய்த் திரையை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தேன். இந்தக் காதில் “எவ்வளவு நேரம்டா?” என்று ஒருவன் மிரட்டிக்கொண்டிருக்க, கண்ணெதிரே மகன். அண்ணன் போனைக் கீழே வைத்துவிட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். பாத்திரம் எடுக்க வந்த பெரியவர் ஒருவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பையன் பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்ததும் பணம் போனால் போகட்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அண்ணனும் அப்படித்தான் சொன்னார். ஆனால் கிடைக்கிற பணம் கிடைப்பது பெரும்பாலும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான். அவரை ஆசுவாசப்படுத்தும் வேலையை அந்தப் பெரியவரிடம் விட்டுவிட்டு நான் 1930-க்கு அடித்தேன். நாடு முழுக்க சைபர் பண மோசடிக்கு இதுதான் எண். அழைப்பு நம் மாநிலப் போலீசுக்குத்தான் போகும். முதலில் லைன் கிடைக்கவில்லை. விடாமல் அடித்ததில் கிடைத்தது.

அங்கே கதையெல்லாம் கேட்கமாட்டார்கள், கேட்கவும் நேரமில்லை. எந்த வங்கிக் கணக்கிலிருந்து போனது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த யூபிஐ ஐடிக்கு, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனியாக இருக்கும் 12 இலக்க யூடிஆர் எண் என்ன என்றுதான் கேட்டார்கள். யூடிஆர் எண் யூபிஐ ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். இங்கே அண்ணனின் பழக்கம் ஒன்று கைகொடுத்தது. எதையும் எழுதி வைக்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. அந்த நடுக்கத்திலும் அவன் சொல்லச் சொல்ல இரண்டு ஐடிகளையும் பில் புத்தகத்தில் குறித்து, பக்கத்தில் நேரத்தையும் போட்டிருந்தார். கார்பன் தாள் இருந்ததால் அடுத்த பக்கத்திலும் நீல எழுத்தில் அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்த்துப் படித்துக்கொண்டே போனேன்.

பேசி முடித்ததும் ஒப்புகை எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அத்தோடு வேலை முடியவில்லை. 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். அன்று இரவே உட்கார்ந்து பதிந்தோம்.

இந்த ஏற்பாடு 2021-இல் தொடங்கியது, மத்திய உள்துறையின் கீழ் இயங்குகிறது. நம் புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். வேறு வங்கிக்குத் தாவியிருந்தால் தகவலும் அந்த வங்கிக்குத் தாவும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் சங்கிலி அங்கே அறுந்துவிடும். எங்கள் விஷயத்தில் முதலில் போன 40,000 ரூபாயை நாங்கள் புகார் செய்வதற்குள் வேறொரு மாநிலத்தில் ஏடிஎம்மில் எடுத்துவிட்டார்கள். இரண்டாவதாகப் போன 50,000 இன்னொரு வங்கிக் கணக்குக்கு மாறி, அங்கிருந்து 12,000 வெளியேறியிருந்தது. மீதி 38,000 மாட்டிக்கொண்டது.

அண்ணனுக்குக் கணக்கு இருந்த வங்கிக் கிளையில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. “நீங்களேதானே பின் நம்பர் போட்டு அனுப்பினீங்க, நாங்க என்ன பண்றது?” என்று நாலு பேர் முன்னால் கேட்டார் ஒரு அதிகாரி. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். மகன் குரல் என்று நம்பி அனுப்பிய ஒரு மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? இன்னும் எனக்கு ஆறவில்லை. இப்படிப் பேச்சு வாங்கப் பயந்துதான் எத்தனையோ பேர் புகாரே கொடுப்பதில்லை. நான் மறுபடி உள்ளே போய், முத்திரை போட்ட ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். ஆதார் நகல், ஸ்டேட்மென்ட், பரிவர்த்தனைகளின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் அழைப்பு வந்த நம்பர் தெரிகிற ஸ்கிரீன்ஷாட், 1930 ஒப்புகை எண், இவ்வளவும் வேண்டும். ஆத்திரத்தில் அந்த நம்பரை அழித்துவிடாதீர்கள், போனை ரீசெட் செய்துவிடாதீர்கள். நம்பர் +92 என்று தொடங்கியது. அது பாகிஸ்தானின் குறியீடு. அதை வைத்து அழைத்தவன் அங்கே இருந்தான் என்று சொல்ல முடியாது என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் அண்ணனிடம் கேட்ட ஒரு கேள்வி எனக்கு மறக்காது. “பையனுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணைக் கேட்டீங்களா? வீட்டு நாய் பேரு, தாத்தா ஊரு, ஏதாவது?” நிஜக் கடத்தலிலும் போலீஸ் முதலில் தெரிந்துகொள்ளப் பார்ப்பது ஆள் உயிரோடு இருக்கிறாரா, அவர்களிடம்தான் இருக்கிறாரா என்பதைத்தானாம். நிஜமாகவே கடத்திப் பணம் கேட்டால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 140(2) பிரிவு வரும், மரண தண்டனை வரைக்கும் இடமுண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 364ஏ. அப்படியிருந்தால் எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போடலாம், கோயம்புத்தூருக்கு ஓட வேண்டியதில்லை. எங்களுக்கு நடந்தது வேறு. முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது, பிறகு எஃப்ஐஆர்: மிரட்டிப் பறித்ததற்கு 308, ஏமாற்றியதற்கு 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி.

அழுத குரல் பற்றியும் கேட்டேன். இப்போது ஒருவர் குரலை அப்படியே செயற்கையாக உருவாக்க முடியும், ஆனால் இதற்கு அவ்வளவுகூடத் தேவைப்பட்டிருக்காது என்றார். விம்மலில் குரல் அடையாளம் தெரியாது. யாரோ ஒரு பையன் அழுத பதிவு போதும், மீதியைப் பெற்ற மனசு சேர்த்துக்கொள்ளும்.

மிரட்டியவன் பேசிய தமிழ்தான் அண்ணனை இன்னும் உறுத்துகிறது. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய் கம்போடியாவிலும் மியான்மரிலும் மோசடிக் கூடாரங்களில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பையன்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். 2022-இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்கள் சென்னை வந்து இறங்கியதும் செய்தியாக வந்தது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து, ஆள் மாட்டாவிட்டால் அடித்து, விடுவிக்கப் பணம் கேட்கிற இடங்கள் அவை. எங்களை அழைத்தவன் அப்படிப்பட்டவனா, சொந்த விருப்பத்தில் செய்தவனா, தெரியாது. “அவனையும் யாராவது பிடிச்சு வச்சிருந்தா?” என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நிறுத்தி வைத்த பணம் தானாக வராது. வக்கீல் வைத்து, குற்ற வழக்கு நடைமுறைக்கான புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்-ஸின் 503 பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. போலீஸ் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பதில் தர வேண்டும், அதற்கு நாம்தான் நடையாய் நடந்து நினைவுபடுத்த வேண்டும். மனுவில் 1930 ஒப்புகை எண், யூடிஆர் எண், எந்த வங்கியில் எந்தக் கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்பது மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். கணக்கு எழுதுகிறவன் புத்தி. அது உதவியது: உத்தரவிலும் அப்படியே வந்ததால் வங்கி திருப்பிக் கேள்வி கேட்க இடமில்லாமல் போயிற்று. அண்ணன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு பணம் நின்ற வங்கியில் இப்படிப்பட்ட விஷயங்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்பினோம்.

இதற்கிடையில் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு டீக்கடைக்காரரைப் பார்த்தேன். யாரோ வடை, டீக்கு க்யூஆர் கோடில் போட்ட சில நூறு ரூபாய் மோசடிப் பணமாம். அதனால் அவர் கணக்கே முடங்கிக் கிடந்தது. பால்காரருக்குக் கொடுக்கக் காசில்லை என்றார். மோசடிக்காரன் தொட்ட பணம் போகிற வழியெல்லாம் இப்படி யாரையாவது கடித்துவிட்டுத்தான் போகிறது. சம்பந்தப்பட்ட தொகையை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்டு அவரும் ஒரு மனு எழுதிக்கொண்டிருந்தார். கார்பன் வைத்து நானே எழுதிக் கொடுத்தேன்.

38,000 ரூபாய் அண்ணன் கணக்கில் வரவானது பல மாதம் கழித்து. ஏடிஎம் கேமரா படத்தை வைத்து முதல் 40,000 ரூபாயை எடுத்தவனைத் தேடுகிறார்கள். கணக்கைக் கமிஷனுக்கு வாடகைக்கு விட்டது ஒரு கல்லூரி மாணவன் என்று தெரிந்து, அவனுக்கு சம்மன் போயிருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் அண்ணன் போவார், கூட நானும் போவேன். பில் புத்தகத்தின் அந்தப் பக்கம் வழக்குக் கட்டில் இருக்கிறது. கார்பன் நகல் எங்களிடம் இருக்கிறது.