பேஸ் கிட்டாரில் க்னாவா: இதுவரை வந்த தூரம்

மொராக்கோவின் க்னாவா இசையை வீட்டில் இருக்கும் நாலு கம்பி பேஸ் கிட்டாரில் வாசிக்கும் முயற்சி இப்போதுதான் ஒரு உருவத்துக்கு வந்திருக்கிறது. அசல் வாத்தியமான கிம்ப்ரி கையில் இல்லை. ஒரே மரத்துண்டைக் குடைந்த நீளப் பெட்டி, அதன் மேல் இழுத்துக் கட்டிய ஒட்டகத் தோல், மூன்று நரம்புகள், இதுதான் கிம்ப்ரி. தடித்த நரம்பை ஸட்ஜமாக வைத்தால் இன்னொன்று அதற்கு மத்திமம். நடுவில் இருக்கும் குட்டை நரம்பு மேல் ஸட்ஜம். அதை விரலால் அழுத்துவதே இல்லை, திறந்தபடியே ஒலிக்கும்.

பேஸில் இந்தச் சுருதி சுலபமாகவே அமைகிறது. ஈ கம்பியை டி-க்கும் ஏ கம்பியை ஜி-க்கும் இறக்கினேன். டி கம்பி அப்படியே மேல் ஸட்ஜமாக நிற்கிறது. கடைசிக் கம்பிக்கு வேலையில்லை, கழற்றிவிட்டேன். தொனிதான் இழுத்தடித்தது. உலோகக் கம்பியின் ரீங்காரம் க்னாவாவுக்கு ஒத்துவராது. ஒவ்வொரு சுரமும் ‘தும்’ என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி மாட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைச் செருகி, கழுத்து முடியும் இடத்தில் மீட்டினால் முக்கால்வாசி வந்துவிடுகிறது. மீதிக் கால்வாசி தோலில்தான் இருக்கிறது. கிம்ப்ரிக்காரர்கள் நரம்பை மீட்டும் கையாலேயே தோலையும் தட்டுவார்கள், மெட்டும் தாளமும் ஒரே கையிலிருந்து வரும். பேஸில் அதற்கு வழி தெரியவில்லை.

கிம்ப்ரியின் கழுத்து நுனியில் செருகும் சர்சராவைச் செய்து பார்த்தேன். மெல்லிய தகடு, ஓரமெல்லாம் துளை, துளைக்கு ஒரு வளையம்; மீட்டும்போது சலசலக்கும். டின் மூடியை வெட்டி, சாவி வளையங்களைக் கோத்து, பேஸின் தலைப்பகுதியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். நன்றாகவே சலசலக்கிறது. ஆனால் பிக்கப் கம்பியின் அதிர்வை மட்டும்தான் எடுக்கும், இதைக் கண்டுகொள்ளாது. அதனால் பதிவு செய்யும்போது தலைப்பகுதிக்கு எதிரே தனியாக ஒரு மைக்.

அப்புறம் க்ரகேப். இரும்பில் செய்த பெரிய சப்ளாக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், கைக்கு ஒரு ஜோடி. அடிமைகளாகச் சஹாராவைக் கடந்து கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்தான் க்னாவாக்கள். இந்த இரும்புச் சத்தத்தில் அவர்களைப் பூட்டிய கால்விலங்குச் சங்கிலி கேட்கிறது என்று சொல்வதுண்டு. மூடிய அறையில் அடித்தால் காது அடைக்கிறது, அதனால் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பழகுகிறேன். ஆனால் உண்மையான சவால் சத்தமில்லை, இடைவெளி. தட்டுகள் சம தூரத்தில் விழுவதில்லை. திஸ்ரமாக, அதாவது மும்மூன்றாக எண்ணினால் ஒரு பக்கம் இடிக்கிறது, சதுஸ்ரமாக, நான்கு நான்காக எண்ணினால் இன்னொரு பக்கம் இடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது அந்த நடை. வேகம் ஏற ஏற அந்த ‘எங்கேயோ’வும் நகர்கிறது. எண்ணுவதை விட்டுவிட்டு, ஒலிப்பதிவோடு சேர்ந்து வாயால் சொல்லிச் சொல்லி அடித்த பிறகுதான் கை பிடித்துக்கொண்டது.

கலவை இசை பற்றி என் அபிப்பிராயம் உருவானதும் இங்கேதான். எதைக் கலந்தாலும் சரி, இந்த நடையைக் கணினியின் சம இடைவெளிக் கட்டத்தில் (கிரிட்) பூட்டினால் க்னாவா காணாமல் போகிறது. 1994-இல் மொராக்கோவின் எஸ்ஸவீரா நகரில் மாலெம் (க்னாவா குழுவின் தலைமைக் கலைஞர்) மஹ்மூத் கினியாவும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஃபரோவா சாண்டர்ஸும் சேர்ந்து பதிவு செய்த ஆல்பத்தைக் கேளுங்கள். சாண்டர்ஸின் சாக்ஸபோன் அலறினாலும் கிம்ப்ரி தன் வழியில் போகிறது. அவர்தான் அதன் மேல் ஏறிக்கொள்கிறார். ஜாஸ் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் மொராக்கோவின் தாஞ்சியரில் சில வருடம் வாழ்ந்தவர், மாலெம் அப்தெல்லா எல் கூர்தோடு நெடுங்காலம் சேர்ந்து வாசித்தவர். அவர் பியானோவிலும் அந்தப் பொறுமை தெரியும். எஸ்ஸவீராவில் 1998 முதல் நடக்கும் க்னாவா விழாவின் மேடைக் கலவைகளில் எனக்குப் பிடித்தவையும் பிடிக்காதவையும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்திலேயே பிரிகின்றன. டிரம்மர் மாலெமைக் கேட்டு வாசிக்கிறாரா, அல்லது அவரைத் தன் பின்னால் இழுக்கிறாரா என்பதுதான் அது.

என் பதிவில் மெட்ரனோமை முழுக்க நிறுத்திவிட்டு, க்ரகேப்பை முதலில் வாசித்தேன். ஏபிள்டன் லைவ் என்ற இசைப்பதிவு மென்பொருளில் ஒரு பதிவிலிருந்து நடையை மட்டும் உருவி வேறு ட்ராக்குக்கு ஏற்றும் வசதி இருக்கிறது. என் க்ரகேப்பின் நடையை டிரம் மெஷினுக்கு ஏற்றியதும் அதுவரை மரக்கட்டையாக இருந்த கிக் டிரம் லேசாக ஆட ஆரம்பித்தது. கிக்கைக் குறைவாகவே வைத்திருக்கிறேன்; கீழ் சுரங்களின் இடம் கிம்ப்ரிக்குப் பதிலாக நிற்கும் பேஸுடையது, இரண்டும் அங்கே மோதினால் சேறாகிவிடும். கீபோர்டில் ஒரே ஒரு நீண்ட சுரம். ஐந்து சுரத்துக்குள் சுற்றிவரும் மெட்டு என்பதால் கார்டு போட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும். போட்டால் சுமாரான ஜாஸ் ஆகிவிடுகிறது.

எந்த மெட்டை எடுப்பது என்பதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். லீலா எனப்படும் இரவுச் சடங்கு ஊர்வலத்தில் தொடங்கி, ஆட்டமும் பாட்டுமான பகுதியைத் தாண்டி, கடைசியில் ம்லூக் என்ற ஆவிகளை அழைக்கும் பகுதிக்குப் போகும். அங்கே ஏழு நிறங்கள். நிறத்துக்கேற்ற துணி, சாம்பிராணி போன்ற வாசனைப் புகை, மெட்டு. அருள் வந்து ஆடுபவர்கள் அதில் குணம் தேடி வருகிறவர்கள். அந்த மெட்டுகளை இன்று மாலெம்களே மேடையில் வாசிக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. டிரம் மெஷினோடு விளையாடும் எனக்கு இரண்டாம் பகுதியின் ஆட்டப் பாட்டுகளே தாராளம்.

அடுத்து, குரல். மாலெம் ஒரு அடி பாட, க்ரகேப்காரர்கள் பதில் பாடுவார்கள். கையில் இரும்பை அடித்துக்கொண்டே அந்தப் பதிலை எடுக்கும்போது இடது கை இன்னும் பிசகுகிறது. அதனால் இப்போதைக்கு மெதுவான வேகத்தில், பாட்டை விட்டுவிட்டு அந்தப் பதில் வரும் இடத்தில் வெறும் ‘ஆ’ மட்டும் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.